கடைப் பெயரைச் சொல்லாத குரல்

அன்று காலை யாரோ ஒருவர் கடையின் ஷட்டரை அளந்துகொண்டிருந்தார்.

மாடி ஜன்னலிலிருந்து அம்மாதான் முதலில் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் இழுத்தால் நீளும் இரும்பு டேப். ஷட்டரின் அகலத்தை அளந்தார். வாசற்படியிலிருந்து சாலை வரை அளந்தார். பிறகு கடைப் பலகையை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று அம்மா மேலிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்மா. சும்மா ஒரு அளவு." சிரித்தார். நல்ல சிரிப்புதான். "நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அளவெடுக்க வருகிறவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள். முதலாளி இறந்துபோன அன்று சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தவரும் இப்படித்தான் குரலை உயர்த்தாமல் பேசினார். டேப் உள்ளே சுருண்டுகொள்ளும் அந்தச் சத்தம்கூட அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது.

இந்தக் குடும்பத்தை விடாமல் பார்த்து வருகிறவர்களுக்கு அந்த ஷட்டரின் கதை தெரியும். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

கீழே ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கும் கடை. பெயர் பனித்துளி. மேலே வீடு. முதலாளி என்பது அம்மாவின் கணவர். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டதால் அம்மாவும் கேலிக்கு அப்படிக் கூப்பிடப் போக, அதுவே நிலைத்துவிட்டது. கடையையும் வீட்டையும் ஈடு வைத்துத்தான் முதலாளி வங்கியில் கடன் வாங்கினார். கடனோடு கூடவே ஒரு காப்பீட்டையும் வங்கி அவர் தலையில் கட்டியது. அவருக்கு ஏதாவது ஆனால் மீதிக் கடனை அது கட்டிவிடுமாம்.

"எனக்கு ஏற்கெனவே நெஞ்சுக்குள்ள ஸ்பிரிங் போட்டிருக்காங்களே சார்" என்று முதலாளி நெஞ்சைத் தட்டிக் காட்டியபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். ரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்டை அவர் ஸ்பிரிங் என்றுதான் சொல்வார். மெக்கானிக் இல்லையா. "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார் வங்கிக்காரர்.

பார்த்துக்கொண்டார்கள். முதலாளியின் நெஞ்சு நின்றபோது, நோயை மறைத்துவிட்டார் என்று காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்தது. தவணை நின்றது. வங்கி இந்த மாதக் கடைசி வரை கெடு கொடுத்திருக்கிறது.

மூத்த மகள், வீட்டில் அவள் பெயர் பெரியவள், சும்மா இருக்கிற ஆள் இல்லை. மருத்துவமனை லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி போலவே பேசுவாள். "அப்பாவுக்குப் பிரயோஜனமே படாத ஒண்ணை அப்பாகிட்ட வித்திருக்காங்க. அதுக்குக் கட்டின பணத்தையெல்லாம் வட்டியோட திருப்பிக் கொடுன்னு கேட்போம். அது வந்தா பாக்கி அடைஞ்சுடும். அப்பறம் எவன் ஷட்டர் மேல கை வைப்பான்?" என்று வங்கிக்குப் புகார் எழுதிப் போட்டாள்.

வங்கியின் பதில் போன வாரம் வந்தது. முதலாளி தனக்கு நோய் எதுவும் இல்லை என்று போனில் சொன்ன பதிவு அவர்களிடம் இருக்கிறதாம். மனைவி நேரில் வந்து கேட்டு, குரல் அவருடையதா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம்.

வங்கிக்குப் போக வேண்டிய நாள்தான் இது.

பெரியவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா பொய் சொல்லியிருக்க மாட்டார். போய்க் கேட்டால் குட்டு வெளிப்படும். அம்மா போவதற்குக் காரணம் வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியின் போட்டோக்கள் வீடு நிறைய இருந்தன. குரல் மட்டும் எங்கேயும் இல்லை. அவர் போனில் பேசிப் பதிந்து அனுப்புகிற ஆள் இல்லை. 'சொல்றதை நேர்ல சொல்லிட்டுப் போறேன்' என்பார். சொல்லாமல் போய்விட்டார். கொஞ்ச நாளாகவே அந்தக் குரல் அம்மாவின் காதிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. வார்த்தைகள் ஞாபகம் இருந்தன. சத்தம் மங்கிக்கொண்டே வந்தது.

அந்தக் குரலைக் கேட்க அவள் எந்த வங்கிக்கும் போவாள்.

பெரியவளின் தம்பி சின்னவன் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்குப் பிறகு கடையை அவன்தான் பார்க்கிறான்.

"நீ வர வேணாம்மா" என்றான். "அங்க உக்காந்து அழுவே. எதுக்கு?"

"அழுதா துடைச்சுக்கறேன்."

"சரி, நானும் அக்காவும் போறோம்."

"பொண்டாட்டி வந்துதான் சொல்லணும்னு எழுதியிருக்கான். நீ என்ன அப்பாவுக்குப் பொண்டாட்டியா?" என்றாள் பெரியவள், தலையை வாரிக்கொண்டே.

வழக்கமாக இதற்கு அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வான். இன்று சிரிக்கக்கூட இல்லை.

"யாருமே போக வேணாமே. கடையை வித்துடலாம். நான் எங்கேயாவது வேலைக்குப் போறேன்."

பெரியவளின் சீப்பு பாதியில் நின்றது. "என்னடா பேசறே? அப்பா ரத்தத்தைச் சிந்தின கடைடா."

"அதான் சொல்றேன். போதும்."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சல் வரப்போகும் குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. நெற்றியில் கை வைத்தாள். நெற்றி சில்லென்று இருந்தது.

வாடகைக் காரில் சின்னவன் முன்னால் உட்கார்ந்திருந்தான். கடை போனுக்கு வரும் அழைப்பெல்லாம் தன் செல்லுக்கு வருகிற மாதிரி மாற்றி வைத்திருந்தான். பாதி வழியில் அது அடித்தது.

"பனித்துளி, வணக்கம்!"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மீசை முளைத்ததிலிருந்தே அவன் குரலும் முதலாளி குரலும் ஒன்றுதான். ஒரு தடவை, சாப்பாட்டுக்கு வராத முதலாளியைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு, போனில் மூச்சு விடாமல் மகனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

"ஐஸ் கட்டுதா? கத்தியால கித்தியால குத்தி எடுக்காதீங்க... ஆமா, முதலாளிதான் பேசறேன். சாயங்காலம் வந்து பார்க்கறேன்."

"முதலாளியாம் முதலாளி" என்றாள் பெரியவள். "துரைக்கு நெனைப்பைப் பாரு."

"அப்படிச் சொல்லலைன்னா எவனும் விஷயத்தைச் சொல்ல மாட்டான்க்கா. 'முதலாளிகிட்ட கொடு'ன்னு உயிரை எடுப்பான்."

அதுவும் கடையின் பழக்கம்தான். முதலாளி பெரும்பாலும் ஏணி மேல் இருப்பார், இல்லையென்றால் ஏதாவது ஒரு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பாதி உடம்போடு இருப்பார். அதனால் போனை யார் எடுத்தாலும் முதலாளி. ஆனால் அதற்கும் முன்னால், எடுத்த மூச்சில் கடைப் பெயர் வந்தாக வேண்டும். அதில் மட்டும் அவர் யாரையும் விட்டதில்லை. பெரியவள் பிறக்கப் போகிற அன்று வலி தாங்காமல் அம்மா கடைக்குப் போன் செய்தாள். அப்போதும் "பனித்துளி, வணக்கம்!" என்றார். "நான்தாங்க, வலி எடுத்துடுச்சு" என்று இவள் கத்த, "தெரியும், நம்பரைப் பார்த்தேன். ஆனாலும் கடைன்னா கடை" என்றார். அந்தக் கோபம் தீர அம்மாவுக்கு வெகுநாள் ஆனது.

வங்கியின் புகார்ப் பிரிவு மேல் மாடியில் இருந்தது. கண்ணாடி அறை. மேஜையின் மேல் கம்ப்யூட்டர், தண்ணீர், டிஷ்யூ பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு காகிதம் வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. யார் அழுவார்கள் என்று முன்பே முடிவு செய்து வைத்த மாதிரி.

அதிகாரி எழுந்து நின்று வரவேற்றாள். பெரியவளின் வயதுதான் இருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, அளந்து வைத்த பேச்சு.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா உங்க நிலைமை. சிரமம் கொடுக்கறோம்."

"கொடுங்க, வாங்கிக்கத்தானே வந்திருக்கோம்" என்றாள் பெரியவள்.

அறைக்குள் ஏசி முனகியது. சின்னவன் அண்ணாந்து பார்த்து, "கேஸ் கம்மியா இருக்கு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தான். வாய் மட்டும்தான் அதைச் சொன்னது. அவனுடைய இரண்டு கைகளும் முழங்கால்களுக்கு நடுவில் இறுகிக் கிடந்ததை அம்மா கவனித்தாள்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன்" என்றாள் அதிகாரி. "இது உங்க கணவர் குரல்தான்னா, அவர் நோயை மறைச்சதா ஆகும். புகாரை மூடிடுவோம். அவர் குரல் இல்லைன்னா, வேற யாரோ அவர் பேரைச் சொல்லி பேங்கை ஏமாத்தியிருக்காங்கன்னு ஆகும். அதை நாங்க போலீசுக்குத்தான் அனுப்பணும். அதனால நல்லா கேட்டுட்டுச் சொல்லுங்க."

மவுஸைத் தட்டினாள்.

"...அப்போ விவரமெல்லாம் புரிஞ்சுதா சார்?" ஒரு பெண்ணின் குரல். தேன் தடவின மாதிரி.

"ம். புரிஞ்சுது."

"கடன் வாங்கறவர் நீங்கதானே?"

"ஆமா. முதலாளிதான் பேசறேன்."

அம்மா சின்னவன் பக்கம் திரும்பினாள்.

உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். வங்கி ஏமாந்திருந்தது. பெரியவள்கூட ஏமாந்திருந்தாள், அப்பா என்று நினைத்து அவள் கண் கலங்குவது தெரிந்தது. அம்மாவை மட்டும் அந்தக் குரல் ஏமாற்றவில்லை. 'முதலாளி' என்ற வார்த்தையை முதலாளி எப்போதும் ஒரு சிரிப்போடுதான் சொல்வார். இந்தக் குரலில் சிரிப்பு இல்லை. பயம்தான் இருந்தது.

"இதய நோய், அதுக்கு ஏதாவது சிகிச்சை, அப்படி ஏதாவது இருக்கா சார்?"

இடைவெளி. இரும்பு எங்கோ தரையில் விழும் ஓசை. அதற்கும் பின்னால், தூரத்தில், ஒரு இருமல்.

"டேய், அந்தச் சின்ன ஸ்பானரை எங்கடா வெச்சே?"

"இல்ல" என்றது முன்னால் இருந்த குரல். "எதுவும் இல்ல."

பதிவு முடிந்தது.

"பின்னாடி யாரோ வேலையாள் கத்தறார். அதைக் கண்டுக்காதீங்க" என்றாள் அதிகாரி.

அம்மா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர்தான். அந்த இருமல், அந்த 'டேய்', ஸ்பானரைத் தொலைத்துவிட்டு ஊரையே குற்றம் சொல்லும் அந்த எரிச்சல். இவ்வளவு நாள் ஏங்கிய குரல், ஒரு ஸ்பானரைத் தேடிக்கொண்டு இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்திருக்கிறது.

அவள் அழவில்லை. அழுதால் அந்தப் பெட்டியிலிருந்து காகிதம் எடுக்க வேண்டியிருக்கும்.

"சொல்லுங்கம்மா. உங்க கணவர் குரல்தானே?" பேனா மூடி திறந்திருந்தது.

"கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன். மூச்சு முட்டுது" என்றாள் அம்மா. எழுந்தவள், சின்னவனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். அவனைச் சின்னப் பையனாகப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன அதே பிடி.

நடைக்கோடியில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். பெரியவள் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, அப்பா ஏம்மா அப்படிப் பொய் சொன்னாரு?"

"அப்பா சொல்லலை" என்றாள் அம்மா. "இவன் சொன்னான்."

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"நான் மொதல்லயே சொன்னேன்மா அந்தப் பொண்ணுகிட்ட. நான் பையன், அப்பா ஏணி மேல இருக்காரு, கூப்பிடறேன்னு. அப்பாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் இருக்குன்னும் சொன்னேன். 'கூப்பிட வேணாம் தம்பி, இதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம். அவர் மாதிரி நீங்களே பேசிடுங்க. வியாதி இருக்கான்னு கேட்பேன், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா கடன் பாஸ் ஆகாது'ன்னா. அப்பா அந்தக் கடனுக்கு எவ்வளவு நாயா அலைஞ்சாருன்னு உனக்குத் தெரியும். சொல்லிட்டேன்." சுவரை நகத்தால் சுரண்டினான். "சாகற வரைக்கும் அப்பாகிட்ட சொல்லலை."

"பாவி" என்றாள் பெரியவள். கையை ஓங்கினாள், ஆனால் அடிக்கவில்லை. அந்தக் கை அப்படியே அவன் தோளில் போய் விழுந்தது. "இப்ப என்னம்மா பண்றது? அப்பான்னு சொன்னா கடை போகுது, வீடு போகுது. இவன்னு சொன்னா இவன் போறான்."

அம்மா வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள், உள்ளுக்குள்.

"போனை எடுத்ததும் என்னடா சொன்னே?"

"இப்பதானே சொன்னேன்..."

"அதில்லை. எடுத்ததும். முத வார்த்தை."

சின்னவன் விழித்தான். "எப்பவும் போலத்தான். பனித்துளி, வணக்கம்னு. தூக்கத்துல எடுத்தாலும் எனக்கு அதுதானே வரும். ஏம்மா?"

"அதுல அது இல்லையே."

தண்ணீர் இயந்திரம் ஒரு குமிழியை விட்டது. 

"வெட்டியிருக்காங்க" என்றாள் பெரியவள் மெதுவாக. "அந்தப் பொண்ணு இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது, இவன் ஸ்டென்டைப் பத்திச் சொன்னது, எல்லாத்தையும் வெட்டிட்டாங்க. அது மட்டும் கெடைச்சா பேங்க்தான் மாட்டும்."

"கெடைச்சா நானும் மாட்டுவேன்" என்றான் சின்னவன்.

அப்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. காலையில் ஷட்டரை அளந்தவர், வங்கியின் ஆள்தான். இவர்களைப் பார்த்ததும் தெரிந்தவர் மாதிரி தலையசைத்துவிட்டு, கண்ணாடி அறையை நோக்கி நடந்தார். சட்டைப் பைக்குள் டேப்பின் கனம் தொங்கியது.

அம்மா மகனின் மணிக்கட்டை விட்டாள். "நீ வேணும்னா கீழே போய் நில்லு."

"நீ என்ன சொல்லப் போறே?"

"ரெண்டு பொய்யும் சொல்ல மாட்டேன்."

அவன் கீழே போகவில்லை. அவளுக்கு முன்னால் நடந்தான்.

அளவுக்காரர் கதவுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். அதிகாரியின் பேனா இன்னும் திறந்தே இருந்தது.

"முடிவுக்கு வந்துட்டீங்களாம்மா?"

"முதல்ல இருந்து போடுங்க" என்றாள் அம்மா.

"முதல்ல இருந்துதானே போட்டோம்."

"இல்லீங்க. எங்க கடையில போனை யார் எடுத்தாலும் முத வார்த்தை கடைப் பேரு. எனக்குப் பிரசவ வலின்னாலும் அதுதான் முத வார்த்தை. நீங்க போட்டதுல அது இல்லை. அதுக்கப்பறம் நடந்ததும் இல்லை. அதையும் சேர்த்துப் போடுங்க, அப்பறம் நான் யார் குரல்னு சொல்றேன்."

அதிகாரி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அளவுக்காரர் லேசாகத் தலையசைத்தார்.

"சரி" என்றாள் அவள், அதே மரியாதையோடு. "அதையும் பார்த்துடலாமே."

மேஜைப் போனை இழுத்து ஸ்பீக்கரை அழுத்தினாள். கோப்பைப் பார்த்து எண்களைத் தட்டினாள். அது கடை எண் என்று அம்மாவுக்குப் புரிந்தபோது, அது அடிக்க ஆரம்பித்திருந்தது.

சின்னவனின் சட்டைப் பையில்.

அவன் கை தானாக எழுந்து, பாதியில் நின்றது. பையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். போன் விடாமல் அடித்தது. எடுத்தால் குரல் மாட்டும். எடுக்காவிட்டால் கடைப் பெயர் என்ற பேச்சே பொய்யாகப் போகும். பெரியவள் தலையை ஆட்டினாள், வேணாம், வேணாம் என்று. அவன் அம்மாவைப் பார்த்தான்.

கம்ப்யூட்டருக்குள் வெட்டப்பட்டுக் கிடக்கிற அந்த முன்பாதியை அம்மா நினைத்தாள். அதில் அவள் மகன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அதில் ஏணி மேல் அவர் உயிரோடு இருக்கிறார்.

"எடுடா" என்றாள்.

எடுத்தான்.

"பனித்துளி, வணக்கம்."

குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது. அவள் பக்கத்திலிருந்தும், மேஜைப் போனின் ஸ்பீக்கரிலிருந்தும். பக்கத்தில் ஒலித்தது நடுங்கும் மகனின் குரல். ஸ்பீக்கரில் ஒலித்தது அச்சு அசலாகப் பதிவில் இருந்த குரல். அறையில் யாருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

அதிகாரி தொடர்பைத் துண்டிக்கவில்லை. அளவுக்காரர் திரும்பி, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

"முத வார்த்தை கெடைச்சுடுச்சு" என்றார், காலையில் சிரித்த அதே சிரிப்போடு.

அம்மா நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லது. இப்ப அந்தப் பதிவை அங்கேயிருந்து போடுங்க."